தொடலாமா டீச்சர்?

எங்கள் பக்கத்தில் பால்வாடி என்றால் சோறு, பள்ளிக்கூடம் என்றால் படிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு என்று 1982-இல் யாராவது சொல்லியிருந்தால் ஊரில் ஒருத்தரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஜூலை முதல் தேதிதான் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடத்து வயது வராத பிள்ளைகளுக்குக் கிராமங்களில் குழந்தைகள் நல மையம், அங்கே மத்தியானச் சாப்பாடு. வேலைக்கு எடுத்ததில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பத்தாவது பாஸ், கழுத்து வெறுங்கழுத்து, மடியில் ஒரு மகன். குழந்தைகள் நல அமைப்பாளர் என்று எனக்கு உத்தரவு வந்தது. ஊர் வைத்த பெயர் சோத்து டீச்சர்.

சாத்தூருக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர். விருதுநகர் மாவட்டம் பிரியாத காலம்; நாங்கள் ராமநாதபுரத்தில் இருந்தோம். ஊர்ச் சாவடியை ஒட்டி ஓட்டுக் கட்டடம் ஒன்று. பின்னால் சமையல், முன்னால் பிள்ளைகள், நடுவில் புகை. எனக்குத் துணையாக ஒரு சமையலம்மா, ஒரு ஆயாம்மா. காலையில் அரிசி அளந்து போடுவது, பருப்பு அளந்து போடுவது, எண்ணெய் அளந்து ஊற்றுவது, அளந்ததையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவது. வருகிற அதிகாரி முதலில் திறந்து பார்ப்பது அரிசி மூட்டையை, அடுத்து பதிவேட்டை. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது இடத்துக்கு அநேகமாக நேரம் இருக்காது, ஜீப் கிளம்பிவிடும்.

அதில் ஒரு சௌகரியம் இருந்தது. யாரும் கேட்காத இடத்தில் நமக்குத் தோன்றியதைச் செய்யலாம்.

விளையாட்டுச் சாமான் என்று ஒரு தகரப் பெட்டி கொடுத்திருந்தார்கள். மரக்கட்டைகள், பிளாஸ்டிக் பந்து, கண் மூடித் திறக்கிற ஒரு பொம்மை, பழங்களும் மிருகங்களும் போட்ட படத்தாள்கள். எல்லாம் இருப்புப் பதிவேட்டில் எண்ணோடு ஏறியவை. ஒன்று தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது பேச்சு. அப்படி யாருக்காவது பிடித்தார்களா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் பெட்டி பூட்டியே கிடக்கும். சுற்று வட்டாரத்தில் நான் போய்ப் பார்த்த மையங்களிலும் அதே கதை. பொம்மைகளுக்கு வயதாகுமே தவிர அழுக்காகாது.

அடுத்த வருஷம் மதுரைப் பக்கம் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பாதி நாள் ஊட்டச்சத்து, எடை போடுவது, தடுப்பூசி அட்டை. மீதி நேரத்துக்குப் பாடம் எடுக்க ஓர் அம்மாள் வருவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைக் கதர்ப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. பெரியம்மா என்றே கூப்பிட்டோம். இளம் வயதில் அடையாறில் மரியா மாண்டிசோரியிடமே பயிற்சி எடுத்தவர். எங்களில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். அழைத்தது பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல். அடையாறு தோப்பில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு. முதல் வகுப்பிலேயே சுமார் 300 பேர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் மரியோ பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்வார். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மரியோவைப் பிடித்துக்கொண்டு போய்க் காவலில் வைத்தார்கள், அம்மையாரை அடையாறு வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டு 31-இல் அவருக்கு எழுபது வயது. பிறந்தநாள் பரிசு என்று சொல்லி வைஸ்ராய் மகனை விடுவித்தார். போர் முடிகிறவரை அடையாறும் கொடைக்கானலுமாக இருந்து, 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ரோம் நகரத்துக் கூலிக்காரர் குடியிருப்பில் தொடங்கிய ஒரு முறை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்ததில் ஒரு யுத்தத்துக்கும் பங்கு இருக்கிறது.

பெரியம்மா இதையெல்லாம் பெருமையாகச் சொல்ல மாட்டார். பேச்சுவாக்கில் வரும். அவர் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி வேறு மாதிரி. “கையைப் பின்னாடி கட்டிண்டு நில்லுங்கோ” என்பார். எங்கள் கைகளை. எதிரே ஒரு மூன்று வயதுப் பிள்ளை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருத்திக்கு உடம்பே நடுங்கியது. “போட்டு விட்டுட்டா ரெண்டு நொடி வேலை, பெரியம்மா” என்றாள். “உனக்கு ரெண்டு நொடி. அதுக்கு நாளைக்கும் அதே வேலை பாக்கி இருக்கும்” என்றார்.

மாண்டிசோரி பள்ளிகளில் இருக்கிற சாமான்கள் நூற்றுக்கணக்கில் ரூபாய் ஆகும், நமக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டில் கிடப்பதை எடுத்து வரச் சொன்னார். புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, கொட்டாங்குச்சி, சோளத்தக்கை, துணித்துண்டு, சின்ன டம்ளர்கள். ஒருத்தி ஆசையாகக் குன்றிமணி கொண்டுவந்தாள், சிவப்பும் கறுப்புமாக ஒரு சொப்பு நிறைய. பெரியம்மா முகம் மாறிவிட்டது. கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வாசலுக்குள்ளே வரக் கூடாது என்று அப்போதே வெளியே கொண்டுபோய்க் கொட்ட வைத்தார். அழகாக இருக்கிறதென்று பார்க்காதே, வாயில் போனால் என்ன ஆகும் என்று பார் என்பார். மூன்று வயதில் நாக்கும் ஒரு கைதானே.

ஊருக்குத் திரும்பியதும் நான் முதலில் வைத்தது தண்ணீர். அதற்கே எதிர்ப்பு. கரிசல்காட்டில் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிற பெண்கள், பிள்ளைகள் டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி விளையாடுவதைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டோம். ஒரு தாம்பாளம், அதற்குள் டம்ளர்கள். தாம்பாளத்துக்குள் சிந்தியது திரும்பச் சட்டிக்கு, கடைசியில் எல்லாம் வாசல் முருங்கைக்கு. அந்த முருங்கை அந்த வருஷம் காய்த்த காய்ப்பில் பேச்சு அடங்கிவிட்டது.

தகரப் பெட்டியையும் திறந்தேன். போனால் போகட்டும் என்று சாமான்களைப் பாயில் பரப்பினேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் வரவில்லை. மூன்றரை வயது இருக்கும். பொத்தான் இல்லாத டவுசர், அரைஞாண்கயிற்றின் தயவில் இடுப்பில் நிற்கும். அவன் கண் பெட்டியில் இருந்து கழற்றி வைத்த பூட்டின்மேல் இருந்தது.

திண்டுக்கல் பூட்டு. கையில் எடுத்தால் மணிக்கட்டை இழுக்கிற கனம். சாவித் துவாரத்தை மறைத்து ஒரு சின்னத் தகடு ஆணியில் தொங்கும். அதை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்தால்தான் சாவி நுழையும். பூட்டையும் சாவியையும் அவன் கையில் கொடுத்தேன். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தான். முதலில் தகட்டின்மேலேயே சாவியை வைத்துக் குத்தினான். நுழையவில்லை. தகடு அசைவதைக் கண்டுபிடித்தான். அதை ஒதுக்க ஒரு கை, சாவிக்கு ஒரு கை, அப்புறம் பூட்டை யார் பிடிப்பது? தொடை இடுக்கில் வைத்து அமுக்கினான். இப்போது சாவி துவாரத்தின் பக்கத்தில் வரும்போதெல்லாம் இடது கைவிரல் நழுவும், தகடு விழுந்து மூடிக்கொள்ளும். நெற்றியில் வியர்த்தது. நாக்கு உதட்டோரத்தில் எட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

சமையலம்மா சோறு இறக்கிவிட்டாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைக்கிறார்கள். ஆயாம்மா வந்து, “டீச்சரம்மா, பூட்டுக்கு என்னமும் ஆச்சுன்னா ஆபீசரு கேப்பாகளே” என்றாள். நான் வாயில் விரல் வைத்தேன். தற்செயலாகவோ, கை ஓய்ந்தோ, அவன் பூட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தான். சாய்ந்ததும் தகடு தன் கனத்திலேயே விலகித் தொங்கியது. துவாரம் திறந்து கிடந்தது. அவன் அசையவில்லை. மெல்லப் பூட்டை நிமிர்த்தினான், தகடு மூடியது. சாய்த்தான், விலகியது. அப்படியே சாய்த்துப் பிடித்தபடி சாவியைக் கொண்டுபோனான். உள்ளே போய், திரும்பி, டக்கென்று வளையம் எழும்பியது.

கத்துவான், ஓடிவந்து காட்டுவான் என்று பார்த்தால், பூட்டை அமுக்கி மூடினான். மறுபடி திறந்தான். மறுபடி மூடினான். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிறவரை அதுவேதான். பிறகு பூட்டைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், “ஆயா, சோறு” என்றான்.

பெரியம்மா சொன்ன ஒரு கதை அப்போதுதான் எனக்குக் கதையாக இல்லாமல் போயிற்று. 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மாண்டிசோரியின் முதல் பள்ளி தொடங்கியது. அங்கே ஒரு சின்னப் பெண் மரக்கட்டையில் உள்ள குழிகளில் அதற்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மாண்டிசோரி அவளைச் சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தார், நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்துப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. எடுப்பதும் பொருத்துவதுமாக நாற்பது தடவைக்குமேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவளைப் போல் நிறுத்தினாள். அதே பள்ளியில் ஒருநாள் ஆசிரியை சாமான் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். வந்து பார்த்தால் பிள்ளைகள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்குத் தேவை எது என்று அவர்களுக்கே தெரிகிறது என்பதாக மாண்டிசோரிக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வைத்தார்.

எங்கள் மையத்தில் தட்டு வைக்கப் பணம் இல்லை. சாமான் பெட்டியை மூடாமல் சுவரோரம் போட்டேன். பூட்டு மட்டும் பாயில் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது.

“வெரி குட்” சொல்வதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் பிள்ளை ஒரு கோடு போட்டால் கைதட்டு, இரண்டு கோடு போட்டால் நட்சத்திரம் ஒட்டு என்று ஆகிவிட்டது. அந்தப் பையன் பூட்டைத் திறந்த நொடியில் நான் சபாஷ் என்று கத்தியிருந்தால் அவன் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பான். அத்தோடு பூட்டு முடிந்தது. அடுத்த தடவை திறப்பது எனக்காக. கைதட்டலுக்கு நான் விரோதி இல்லை. ஆட்டம் ஆடும்போது தட்டட்டும், யார் வேண்டாம் என்றது?

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை. ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் கட்டை அடுக்குவார்கள். வீட்டோடு இருப்பவர்கள் பெட்டி ஒட்டுவார்கள். மரச்சீவலும் தாளும் ஆபீசிலிருந்து வரும், ஒட்டிக் காயவைத்துக் குரோசுக் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து ஆரன் அடிக்கும். அதில் ஏறுகிறவர்களில் எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், பாதித் தூக்கத்தில்.

மையத்துக்கு வந்த ஒரு நாலு வயதுப் பெண்ணுக்கு அந்த வேலை கையில் ஊறிக் கிடந்தது. அம்மா மடியை ஒட்டி உட்கார்ந்தே பழகிய கை. ஆபீசில் கழித்துப் போட்ட பெட்டிகளை ஒரு சாக்கில் வாங்கி வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் அதை ரயில் விட்டார்கள், வீடு கட்டினார்கள். இவள் மட்டும் சத்தமில்லாமல் டஜன் டஜனாக அடுக்குவாள். அடுக்கி முடித்ததும் தள்ளி வைப்பாள். அவ்வளவு சுத்தமான அடுக்கு. அவ்வளவு சந்தோஷம் இல்லாத முகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் புளியங்கொட்டைச் சட்டியை நகர்த்தி வைத்தேன்.

ஒருநாள் ஒரு பெட்டிக்குள் ஒரு கொட்டையைப் போட்டு மூடினாள். ஆட்டினாள். காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். இன்னொன்றில் ஒரு பிடி போட்டாள். அதன் சத்தம் வேறு. அப்புறம் மணலைப் போட்டாள், வேப்பங்கொட்டையைப் போட்டாள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று வைத்துக் கேட்டு, ஒரே சத்தம் வருகிற பெட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து வைக்கத் தொடங்கினாள். ஒரு சோடியில் சந்தேகம் வந்தால் திறந்து பார்ப்பாள், தலையை ஆட்டிக்கொள்வாள். அடையாறில் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த ஒலிப்பெட்டிகளைப் பற்றி எனக்குப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். இவளுக்கு யார் சொன்னது?

சாயங்காலம் கூட்டிப்போக வந்த தாய் அதைப் பார்த்துவிட்டாள். “என்ன டீச்சர், இங்கெ வந்து பெட்டிய ஆட்டிக்கிட்டு இருக்கா? வீட்ல இருந்தா எனக்கு அரைக் குரோசு ஒட்டித் தருவாளே” என்றாள்.

“இவ கை வேலைக்காரக் கை, மதினி. அதனாலதான் சொல்றேன், இன்னும் ரெண்டு வருசம் விடுங்க.”

“விட்டா பள்ளிக்கொடத்துல என்ன, காசா குடுக்காக?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அவளுடைய மூத்தவள் அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு வேலை பிடிக்காது, விளையாட்டுதான் பிடிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் பார்த்த மட்டில் அது சரியில்லை. மூன்று வயதுக்கும் நாலு வயதுக்கும் வேலையைப் போல் பிடித்தது வேறில்லை. கூட்ட வேண்டும், துலக்க வேண்டும், ஒட்ட வேண்டும், அடுக்க வேண்டும். அந்தப் பிரியத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கூலிக்கு வாங்கினார்கள். இஷ்டப்பட்ட நேரத்தில் நிறுத்தலாம் என்றால் அது படிப்பு; குரோசு முடியும்வரை நிறுத்தக் கூடாது என்றால் அதே கைக்கு அதே பெட்டி தண்டனை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது; ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று. பெட்டி ஆட்டியவளுக்கு அதற்குள் கல்யாண வயது. ஆனால் அவள் பஸ் ஏறவில்லை, எட்டாவது வரை படித்தாள். தாய்தான் படிக்கவைத்தாள். நான் பேசியதாலா, மூத்தவளின் இருமலைப் பார்த்தா என்று நான் கேட்டதில்லை.

பெற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி இருந்தது: ஆனா ஆவன்னா எப்போ? சிலேட்டில் எழுதிக் காட்டினால்தான் படிப்பு. எங்கள் ஊருக்கு ஏற்ற ஒரு வழி எனக்குத் தோன்றியது. வைப்பாற்று மணலைச் சலித்து, பழைய தாம்பாளத்தில் பரப்பினேன். ஊர்ப் பெரியவர்களுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் விரல் தேய எழுதியதும் மணலில்தான். மணல் எழுத்துக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கான விடுதியை 1789 முதல் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியில் கொண்டுவந்தார். அதை 1797-இல் புத்தகமாகப் போட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே அது போயிற்று. மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்து வெட்டி விரலால் தடவவிட்டதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நான் அதைச் சரித்திரமாகச் செய்யவில்லை. மணலில் எழுதினால் அழிப்பது சுலபம், தப்பு என்ற பேச்சே வராது. பென்சில் பிடிக்கத் தெம்பில்லாத விரலும் மணலில் ராஜாவாகப் போகும். யாரையும் கூப்பிட்டு எழுதவைக்கவில்லை. வந்தவர்கள் வந்தார்கள். முதலில் மாட்டுத் தடம், கோழித் தடம். பிறகு ஒருவன், “எம் பேரு எப்படி இருக்கும் டீச்சர்?” என்று கேட்டான். எழுதிக் காட்டினேன். அன்றைக்கு எல்லாருக்கும் அவரவர் பெயர் வேண்டியிருந்தது. ஆயாம்மாவுக்கும்.

தொண்ணூறுகளில் சாத்தூரிலிருந்து வேன் வர ஆரம்பித்தது. டை, ஷூ, பெட்டி. இங்கிலீஷ் நர்சரி. கடன் வாங்கியாவது அனுப்பினார்கள், அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளை தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறாமல் வேறு ஒரு வண்டியில் ஏறுவதைப் பார்க்கிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பணம் கட்ட முடியாமல் பாதி வருஷத்தில் நின்று, எங்களிடம் வந்த ஒரு பையனை மறக்க முடியாது. நாலு வயது. ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பான், நூறு வரை ஒப்பிப்பான். வந்த அன்றைக்குக் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து, சுவரோரம் உட்கார்ந்தான். பாயில் அத்தனை சாமான் கிடக்கிறது. அவனுக்கு எதிரே மரக்கட்டை ஒன்று உருண்டு வந்து முழங்காலில் முட்டி நின்றது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“தொடலாமா டீச்சர்?”

தொடு என்றேன். தொட்டான், உடனே கையைக் கட்டிக்கொண்டான். மறுநாள் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். என்னுடைய பயிற்சி, பெரியம்மாவின் அடையாறு, ஒன்றும் பலிக்கவில்லை. பலித்தது ஆயாம்மா. அவள் முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். “ஏ ராசா, எனக்குக் கை வலிக்கி. கொஞ்சம் உரிச்சுத் தாரியா?” என்றாள்.

“தொடலாமா ஆயா?”

“தொடாம எப்படிய்யா உரிப்ப?”

அவன் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். அப்புறம் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. முதல் மொச்சை நழுவி ஓடியது, எழுந்து துரத்திக்கொண்டு போனான். திரும்பி வந்து உட்கார்ந்தது ஆயாம்மாவின் பக்கத்தில், தொடையோடு தொடை ஒட்டி. அந்த வாரம் முழுக்க முற்றம்தான் அவன் வகுப்பு. அடுத்த வாரம் பாய்க்கு வந்தான். இசட் வரை ஒப்பிப்பதை அவனாகவே விட்டுவிட்டான். அவன் அப்பாவுக்கு அதில் வருத்தம்.

ஐப்பசி மழை விழுந்ததும் கரிசலில் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் கிளம்பும். அதற்கென்று தனிப் பாடம் எதுவும் நான் போட்டதில்லை. வழியில் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். புல் தின்னும் என்று ஒரு கட்சி, மண் தின்னும் என்று ஒரு கட்சி. “டீச்சர், எது சரி?” என்றால் “வச்சுப் பாப்போம்” என்பேன். எனக்கும் தெரியாது. புல் வைத்தார்கள், சோற்றுப் பருக்கை வைத்தார்கள், ஒருத்தி தன் பங்குக் கடலையை வைத்தாள். எதையும் தொடவில்லை. “இதுக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு பிடிக்கல” என்று ஒருவன் தீர்ப்புச் சொல்லி, எல்லாரும் ஊர்வலமாகப் போய்க் காட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அது பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்கிற இனம் என்று பல வருஷம் கழித்து என் மகன் படித்துச் சொன்னான். அப்போதே தெரிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தெரிந்தவர்களுக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

இடையில் பெயரும் துறையும் மாறின, மையம் அங்கன்வாடி ஆனது. 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளிக்கு முந்தைய வயதில் சோறு, உடல்நலம், விளையாட்டுப் படிப்பு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தது; 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. காகிதத்தில் எப்போதும் மூன்றும் இருந்தன. இப்போது ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே பாடத்திட்டம் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு பொருள், பாட்டு, கதை, நல்ல புத்தகம். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். காசில்லாதவர்களுக்கும் அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. எல்.கே.ஜி. என்ற பெயரோடு கைகட்டும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயமும் உண்டு.

போன தை மாதம் பக்கத்து ஊர் அங்கன்வாடிக்குப் புதிதாக வந்த பெண் என்னைத் தேடி வந்தாள். பட்டப்படிப்பு படித்தவள், சுறுசுறுப்பு. கையில் செல்போன். எடை, உயரம், வருகை, சாப்பாடு எல்லாம் அதில்தான் ஏற்ற வேண்டுமாம். டவர் கிடைக்காத ஊரில் மாடிப்படியில் நின்று ஏற்றுகிறாளாம். எனக்கு அந்தக் காலத்துப் பதிவேடு ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

“எல்லாத்தையும் முடிச்சிட்டுப் பிள்ளைங்களோட உக்கார ஒரு மணி நேரம்தாம்மா கிடைக்குது. எதுல ஆரம்பிக்கட்டும்?”

“தண்ணியில ஆரம்பி. ஒரு தாம்பாளம், நாலஞ்சு சின்ன டம்ளர், ஒரு குட்டிச் செம்பு. மூக்கு வச்ச செம்பா இருந்தா நல்லது.”

“எல்லாம் சிந்திடுமே. சூப்பர்வைசர் வந்தா?”

“சிந்தும். பக்கத்துல துணி போட்டு வை. பழைய வேட்டியக் கிழி, புதுத்துணி தண்ணி உறிஞ்சாது. சின்னச் சின்னதா மடிச்சு வை, அதுங்க கைக்குத் தக்கன. ஊத்துறத விடத் துடைக்கிறதுக்குத்தான் சண்டை வரும், பாரு.”

அவள் செல்போனில் குறித்துக்கொண்டாள். சாமானுக்குப் பணம் இன்னும் வரவில்லை என்றாள். சாத்தூர் பாத்திரக்கடையில் சின்னச் சாமான்களைக் குறைத்துத் தருவார்கள், பால்வாடிக்கு என்று சொல்லிக் கேள் என்றேன்.

“அங்கன்வாடின்னு சொல்லணும்மா இப்போ.”

“கடைக்காரருக்குப் பால்வாடின்னாத்தான் புரியும். பிளாஸ்டிக்கு குடுத்தா வாங்காத. எவர்சில்வர் கேளு.”